சொல்லாமல் சொன்ன கதைகள்: சூப்பர் ஹீரோக்களும் பால்புதுமை வாசகர்களும்

1992ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் வெளியிட்ட 'அல்பா பிளைட்' கொமிக்ஸின் 106ஆவது இதழ் ஒரு வாரத்துக்குள் விற்றுத் தீர்ந்தது. இரண்டாவது தடவையும் அச்சடிக்க வேண்டி வந்தது. அல்பா பிளைட் அப்படி விற்கிற புத்தகமே அல்ல. கனேடிய சூப்பர் ஹீரோக்களின் குழுவொன்றைப் பற்றிய இரண்டாம் வரிசைத் தொடர் அது. அந்த இதழில் நோர்த்ஸ்டார் என்ற பாத்திரம், சண்டைக்கு நடுவே, தான் தன்பாலீர்ப்பாளர் என்று வாய்விட்டுச் சொல்கிறது. மார்வெலின் சூப்பர் ஹீரோ ஒருவர் அப்படித் தன்னைத் தானே அச்சில் அறிவித்தது அதுதான் முதல் தடவை. நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை அதைப் பற்றி ஆசிரியர் தலையங்கமே எழுதியது.

செய்தி கேட்டுத் திடுக்கிட்டவர்கள் பலர். திடுக்கிடாத ஒரு கூட்டமும் இருந்தது. நோர்த்ஸ்டார் 1979இல் எக்ஸ்-மென் இதழொன்றில் அறிமுகமானவர். பிரெஞ்சு பேசும் கியூபெக் மாநிலத்து இளைஞர், பனிச்சறுக்கு வீரர், யாரோடும் ஒட்டாத திமிர் பிடித்தவர். அவரை உருவாக்கிய ஜோன் பேர்ன், தொடக்கத்திலேயே அவரைத் தன்பாலீர்ப்பாளராகத்தான் எண்ணியிருந்தார். அதைச் சொல்ல வழியில்லாததால் குறிப்புகளாக வைத்துவிட்டுப் போனார். அந்தக் குறிப்புகளைப் பொறுக்கி எடுத்துச் சேர்த்துவைத்த வாசகர்களுக்கு 1992 இதழ் ஒரு புதிய செய்தியல்ல, தாமதமான உறுதிப்படுத்தல்.

இந்தக் கட்டுரை அந்த வாசகர்களைப் பற்றியது. ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், இருபாலரையும் விரும்புவோர், திருநர்கள் எனப் பலரையும் சேர்த்துப் 'பால்புதுமையினர்' என்று இப்போது தமிழில் எழுதுகிறோம். இவர்கள் அமெரிக்க சூப்பர் ஹீரோ கொமிக்ஸைப் பல தசாப்தங்களாக, தங்களுக்காக எழுதப்படாத ஒரு கடிதத்தைப் போலப் படித்தார்கள். எழுதுபவரும் அவ்வகை வாசகர்தான். முத்து கொமிக்ஸிலும் லயன் கொமிக்ஸிலும் இரும்புக்கை மாயாவியையும் டெக்ஸ் வில்லரையும் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த எங்கள் ஊர்களில், அமெரிக்க சூப்பர் ஹீரோக்கள் சினிமா வழியாகத்தான் அதிகம் அறிமுகம். அந்தப் படங்களுக்குப் பின்னால் இருக்கிற அச்சுப் புத்தகங்களின் வரலாறு வேறு மாதிரியானது.

ஒரு வைத்தியரும் ஒரு முத்திரையும்

எல்லாவற்றுக்கும் தொடக்கம் 1954. ஜேர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல வைத்தியர் பிரெட்ரிக் வேர்தாம் அந்த ஆண்டில் ஒரு புத்தகம் வெளியிட்டார். கொமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பது அதன் வாதம். கொலை, கொள்ளைக் கதைகளைப் பற்றித்தான் பெரும்பகுதி. ஆனால் மக்கள் நினைவில் நின்றது வேறொன்று. பட்மனும் ரொபினும் ஒரே மாளிகையில், பெரிய சாடிகளில் பூக்களும் பணியாளரும் சூழ வாழ்வது, இரண்டு தன்பாலீர்ப்பு ஆண்கள் சேர்ந்து வாழும் கனவைப் போல இருக்கிறது என்று அவர் எழுதினார். வொண்டர் வுமனையும் அதே பட்டியலில் சேர்த்தார்.

அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க செனற்றின் உபகுழு நியூயோர்க்கில் விசாரணை நடத்தியது. அரசாங்கம் சட்டம் கொண்டுவந்துவிடும் என்று பயந்த பதிப்பாளர்கள் ஒக்டோபரில் தாங்களாகவே ஓர் ஒழுக்கவிதியை எழுதி, அதைக் கண்காணிக்க ஒரு சபையையும் அமைத்தார்கள். விதிக்கு உட்பட்ட இதழ்களின் அட்டையில் ஒரு சிறு முத்திரை. முத்திரை இல்லாத இதழை மொத்த வியாபாரிகள் கடைகளுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். அந்த விதிகளில் ஒன்று 'பாலியல் வக்கிரத்தை' மட்டுமல்ல, அதைப் பற்றிய மறைமுகக் குறிப்பையும் தடைசெய்தது. அன்றைய மொழியில் 'வக்கிரம்' என்றால் யாரைச் சொல்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 1989இல் விதிகள் திருத்தப்படும்வரை, 35 ஆண்டுகள் இது நீடித்தது. நோர்த்ஸ்டார் மூன்று ஆண்டுகள் கழித்து வாய் திறந்ததற்கு இதுதான் பின்னணி.

வேர்தாமை ஒரு வில்லனாக மட்டும் வரைவது கொமிக்ஸ் ரசிகர்களின் பழக்கம். அது முழு உண்மையல்ல. நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின ஏழைகளுக்காக ஒரு மனநல நிலையத்தை நடத்தியவர் அவர். நிறரீதியாகப் பிரிக்கப்பட்ட பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளின் மனதைப் பாதிக்கின்றன என்று அவர் கொடுத்த சாட்சியம், அந்தப் பிரிவினையை முடிவுக்குக் கொண்டுவந்த வழக்குகளில் பயன்பட்டது. ஒரு சிறுபான்மைக்காக நின்ற ஒருவர் இன்னொரு சிறுபான்மையை நோயாகப் பார்த்தார். இப்படியான ஆட்களை எங்கள் நடுவிலும் நாங்கள் அறிவோம்.

2012இல் கரோல் டில்லி என்ற ஆய்வாளர், வேர்தாமின் கோப்புகள் பொதுப் பார்வைக்குத் திறக்கப்பட்டபின் அவற்றைப் படித்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். புத்தகத்தில் ஒரே ஆளாக வருகிற இளைஞர் உண்மையில் இரண்டு பேர், ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு பேர். பட்மனைவிட டார்சானும் சப்-மரீனரும்தான் தங்கள் கற்பனைக்கு உகந்தவர்கள் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வேர்தாம் அதை விட்டுவிட்டு, தனக்கு வேண்டிய பட்மனை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இதைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிட வேறொன்றுதான் முதலில் தோன்றியது. வேர்தாமின் கோப்புகள், 1940களில் தன்பாலீர்ப்பு இளைஞர்கள் கொமிக்ஸில் தங்களைத் தேடிப் படித்தார்கள் என்பதற்கு மிஞ்சியிருக்கிற அரிய பதிவு. அவர்களை நோயாளிகளாகக் குறித்துவைத்தவரின் கையெழுத்தில்தான் அந்தப் பதிவு எங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

பதிப்பாளர்கள் எடுத்த நடவடிக்கை கொஞ்சம் பகிடியானது. 1956இல் பட்மனுக்குக் காதலியாக 'பட்வுமன்' வந்தார். 1961இல் ரொபினுக்கும் ஒருத்தி, 'பட்-கேர்ள்'. யாரும் சந்தேகப்படக்கூடாது என்பதற்காக வீட்டுக்குக் கூட்டிவரப்பட்ட மணப்பெண்கள்! 1964இல் புதிய ஆசிரியர் பொறுப்பேற்றதும் இருவரும் காணாமல் போனார்கள். பட்வுமன் கதை அதோடு முடியவில்லை, பிறகு வருகிறேன்.

விகாரம்

உயிரியல் பாடப்புத்தகத்தில் 'விகாரம்' என்று படித்திருப்போம், மரபணுவில் ஏற்படும் திடீர் மாற்றம். 1963இல் ஸ்டான் லீயும் ஜக் கேர்பியும் உருவாக்கிய எக்ஸ்-மென் கதைகள் அதன்மேல் நிற்கின்றன. விகாரத்தோடு பிறந்த மனிதர்களை அங்கே 'மியூட்டன்ட்' என்பார்கள். சாதாரணப் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். இளம்பராயம் வரும்போது உடலில் ஏதோ ஒரு சக்தி வெளிப்படுகிறது. உலகம் அவர்களை வெறுக்கிறது, பதிவுசெய்யச் சொல்கிறது, வேட்டையாடுகிறது.

1975 முதல் 1991 வரை இந்தத் தொடரை எழுதியவர் கிறிஸ் க்ளெயர்மொண்ட். 1981இல் அவரும் ஜோன் பேர்னும் செய்த ஒரு கதையில், எதிர்கால அமெரிக்காவில் மனிதர்களின் உடையில் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருக்கும். சுத்தமான மனிதருக்கு ஒரு எழுத்து, பிள்ளை பெற அனுமதியற்றவருக்கு இன்னொன்று, மியூட்டன்ட்களுக்கு மூன்றாவது. முகாம்கள், கழுத்துப் பட்டிகள், வரிசை வரிசையாகக் கல்லறைகள். அதே ஆண்டின் இன்னொரு இதழில், மியூட்டன்ட்களின் பெரும் எதிராளியாக இருந்த மக்னீட்டோ, நாஜிகளின் அவுஷ்விட்ஸ் முகாமில் தன் குடும்பத்தை இழந்து தப்பிய சிறுவன் என்று தெரியவருகிறது. அட்டை, பதிவு, முகாம், தப்பியவன் என்கிற சொற்களை எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஆனால் ஓர் இடத்தில் இந்தக் கதை இனச் சிறுபான்மையின் கதையிலிருந்து பிரிகிறது. தமிழ்ப் பிள்ளை தமிழ் வீட்டில் பிறக்கிறது. வெளியே ஆபத்து என்றால் ஓடி வந்து ஒளிவதற்கு வீடு இருக்கிறது. தாயும் தகப்பனும் அதே பெயரோடு அதே ஆபத்தில் இருக்கிறார்கள். மியூட்டன்ட் பிள்ளை அப்படி அல்ல. அது தன்னைப்போல இல்லாத பெற்றோருக்குப் பிறக்கிறது, முதலில் மறைக்கவேண்டியதே வீட்டுக்காரரிடம்தான். பால்புதுமைப் பிள்ளையின் நிலைமை அச்சொட்டாக இதுதான். இந்த வாசகர்கள் மற்ற எந்த சூப்பர் ஹீரோவையும்விட எக்ஸ்-மென்னோடு ஒட்டிக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேடவேண்டியதில்லை.

2003இல் வந்த இரண்டாவது எக்ஸ்-மென் படத்தில், பொபி என்ற பையன் வீட்டு வரவேற்பறையில் தன் பெற்றோரிடம் தான் மியூட்டன்ட் என்று சொல்லும் காட்சி இருக்கிறது. மியூட்டன்டாக இல்லாமல் இருந்து பார்த்தாயா என்று தாய் கேட்பார். திரையரங்கில் சிலர் சிரித்திருப்பார்கள். அதே கேள்வியைத் தங்கள் வீட்டில் வேறு சொல்லுடன் கேட்டவர்களுக்கு அது சிரிப்பில்லை. படத்தில் மக்னீட்டோவாக நடித்த இயன் மக்கெலன் தன்பாலீர்ப்பாளர் என்று 1988இலேயே வெளிப்படையாக அறிவித்தவர்.

அகராதியில் ஒளிந்த காதல்

குறிப்புகளைப் படிப்பது எப்படி என்பதற்கு மிஸ்டீக், டெஸ்டினி என்ற இரண்டு பெண் பாத்திரங்களைவிட நல்ல உதாரணம் இல்லை. மிஸ்டீக் நீலத் தோலுடையவர், எந்த உருவமும் எடுக்கக் கூடியவர். டெஸ்டினி பார்வையற்ற தீர்க்கதரிசி. 1981 முதல் இருவரும் சேர்ந்தே இருக்கிறார்கள், ஒரு பெண்பிள்ளையை எடுத்து வளர்த்திருக்கிறார்கள். 1989இல் டெஸ்டினி இறக்கும்போது மிஸ்டீக் அழுவது தோழியை இழந்த அழுகை இல்லை. ஆனால் 'காதல்' என்ற சொல் எங்கும் வராது.

க்ளெயர்மொண்டுக்கு இன்னும் துணிச்சலான எண்ணம் ஒன்று இருந்தது. நைட்கிரோலர் என்ற இன்னொரு நீலத்தோல் நாயகனுக்கு இவர்கள் இருவருமே பெற்றோர், டெஸ்டினி தாய், ஆண் உருவம் எடுத்த மிஸ்டீக் தகப்பன் என்று எழுத விரும்பினார். அது அச்சேறவில்லை. 1990இல் ஓர் இதழில் டெஸ்டினியை மிஸ்டீக்கின் 'லெமன்' என்று ஒரு பாத்திரம் குறிப்பிடுகிறது. பழைய ஆங்கிலத்தில் காதலி என்று பொருள். அகராதி எடுத்துப் பார்த்தவருக்கு மட்டும் கதவு திறந்தது. எங்களுடைய பத்திரிகைகளில் யுத்தகாலத்துத் தணிக்கையின்போது எழுதியவர்களும் படித்தவர்களும் பழகிய வித்தைக்கு இது தூரத்து உறவு. சொல்லவேண்டியதை வேறொரு சொல்லுக்குள் வைத்துவிட்டு, கண்டுபிடிப்பான் என்று வாசகனை நம்புவது.

ஆனால் அந்த வித்தையை நான் புகழ்ந்து முடிக்கப்போவதில்லை. மறைகுறிப்பு வாசிக்கத் தெரிந்தவனுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். தனியே இருக்கிற பதினான்கு வயதுப் பிள்ளை பெரும்பாலும் அந்த அகராதியைத் திறப்பதில்லை. 1988இல் சான் டியகோவின் பெரிய கொமிக்ஸ் மாநாட்டில் எழுத்தாளர் அன்டி மங்கெல்ஸ், கொமிக்ஸில் தன்பாலீர்ப்பாளர்கள் என்ற தலைப்பில் முதலாவது கலந்துரையாடலை நடத்தினார். அது பிறகு ஆண்டுதோறும் தொடர்ந்தது. ரசிகர்களும் படைப்பாளிகளும் ஒரே அறையில் இருந்து, ஒளித்து வைக்கப்பட்டதைப் பெயர் சொல்லிக் கதைக்கத் தொடங்கினார்கள்.

நோய் வந்தபோது

மறைகுறிப்பு எவ்வளவு தூரம் உதவாது என்பதை எய்ட்ஸ் காட்டியது. 1981 யூனில் அந்த நோய் பற்றிய முதல் அறிக்கை அமெரிக்காவில் வெளியானது. அந்தத் தசாப்தம் முழுவதும் இளம் ஆண்கள் இறந்துகொண்டிருந்தார்கள். சில குடும்பங்கள் உடலைப் பொறுப்பேற்கவும் மறுத்தன. கொமிக்ஸ் என்ன செய்தது?

அல்பா பிளைட்டை அப்போது எழுதிய பில் மன்ட்லோ, நோர்த்ஸ்டாரை எய்ட்ஸ் நோயாளியாக்கி இறக்க வைக்கத் திட்டமிட்டார். கதையில் இருமல் தொடங்கியது, உடல் மெலிந்தது. பிறகு மேலிடம் தடுத்தது. 1987இல் வெளியான 50ஆவது இதழில், நோர்த்ஸ்டாரின் நோய்க்குக் காரணம் அவர் பாதி தேவதை இனத்தவர், தன் தேவதை நாட்டைவிட்டுப் பிரிந்திருப்பதால் வாடுகிறார் என்று கதை திருப்பப்பட்டது. ஆங்கிலத்தில் 'தேவதை' என்பது தன்பாலீர்ப்பு ஆண்களைக் கேவலப்படுத்தும் வசைச்சொல்லும்கூட. தெரிந்து செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா, இரண்டுமே மோசம். பின்னால் வந்த எழுத்தாளர்கள் அது முழுவதும் பொய் என்று மாற்றி எழுதினார்கள்.

டி.சி. நிறுவனம் 1988இல் எக்ஸ்ட்ரானோ என்ற பெரு நாட்டு மந்திரவாதியைக் கொண்டுவந்தது. ஆடம்பர உடை, குழைந்த பேச்சு, எல்லோருக்கும் 'அன்ரி' என்று தன்னைச் சொல்லிக்கொள்வது. தன்பாலீர்ப்பு என்ற சொல் மட்டும் இல்லை. அவருக்கு எச்.ஐ.வி. தொற்று வந்த விதம்: ஓர் இரத்தக்காட்டேரியுடன் சண்டை. அதன்மேல் விளக்கம் தேவையில்லை.

1993இல் எக்ஸ்-மென் கதைகளில் 'லெகசி வைரஸ்' வந்தது. மியூட்டன்ட்களை மட்டும் தாக்கும், மருந்தில்லாத நோய். கொலோசஸ் என்ற நாயகனின் சின்னத் தங்கை இல்லியானா அந்த ஆண்டே அதில் இறந்தாள். அந்த இதழ் அழவைக்கும், மறுக்கமாட்டேன். 2001இல் கொலோசஸ் தன் உயிரைக் கொடுத்து நோயை ஒழித்தார். எய்ட்ஸைப் பற்றி எட்டு ஆண்டுகள் எழுதினார்கள், எய்ட்ஸால் இறந்த மக்களில் ஒருவரையும் வரையாமல். உருவகத்தின் வசதியும் வஞ்சகமும் அதுதான். எல்லோருக்கும் பொருந்தும் துயரமாக்கிவிட்டால், யாருடைய துயரம் என்று கேட்கத் தேவையில்லாமல் போகிறது. இழப்புக்களைப் பற்றிப் பொதுவாகக் கவலை தெரிவித்து, இறந்தவர்களின் பெயரைச் சொல்ல மறுக்கிற அறிக்கைகளைப் படித்துப் பழகிய எங்களுக்கு இது புரியும்.

அந்தச் சூழலில்தான் 106ஆவது இதழ் வந்தது. நல்ல கதை என்று சொல்லமாட்டேன். குப்பைத்தொட்டியில் கைவிடப்பட்ட, எய்ட்ஸோடு பிறந்த குழந்தையை நோர்த்ஸ்டார் எடுத்து வளர்க்கிறார். நாடே அந்தக் குழந்தைக்காக உருகுகிறது. இரண்டாம் உலகப்போர்க் கால வீரரான ஒரு கிழவர் அதைப் பார்த்து வெறிகொண்டு தாக்க வருகிறார். அவருடைய மகனும் எய்ட்ஸில்தான் இறந்தான். அவன் தன்பாலீர்ப்பாளன் என்பதால் அவனுக்காக யாரும் உருகவில்லை. அடிபாட்டுக்கு நடுவில்தான் நோர்த்ஸ்டார் தன்னைப் பற்றிச் சொல்கிறார். ஸ்கொட் லொப்டெல்லின் வசனம் மேடைப் பேச்சுப்போல நீள்கிறது, ஓவியமும் சுமார். ஆனால் அந்தக் கிழவரின் கேள்வி நியாயமானது. எந்த மரணத்துக்கு ஊர் அழும், எந்த மரணத்துக்கு அழாது என்பதை யார் தீர்மானிப்பது?

கொடுப்பதும் பறிப்பதும்

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1994இல், நோர்த்ஸ்டாருக்கென்று தனியாக நான்கு இதழ்கள் வெளிவந்தன. அவற்றில் அவர் தன்பாலீர்ப்பாளர் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டதைப்போல.

சூப்பர் ஹீரோக்களின் அடிப்படைச் சிக்கல் இது. அவர்கள் எழுதுபவருக்குச் சொந்தமில்லை, வரைபவருக்கும் இல்லை, நிறுவனத்தின் சொத்து. பட்வுமன் 2006இல் திரும்பி வந்தார், இம்முறை பெண்ணை விரும்பும் பெண்ணாக. பட்மன் மீதான சந்தேகத்தைத் தீர்க்கக் கொண்டுவந்த பாத்திரமே இப்படி ஆனது ரசிகர்களுக்குக் கிடைத்த இனிப்பு. 2009இல் கிரெக் ரக்கா எழுத, ஜே.எச். வில்லியம்ஸ் வரைந்த கதைகளில், தன்பாலீர்ப்பை மறைத்துப் பொய் சொல்ல மறுத்ததால் இராணுவக் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டவராக அவர் வருகிறார். தன்பாலீர்ப்பாளர் வெளியே சொல்லாதவரைதான் இராணுவத்தில் இருக்கலாம் என்ற சட்டம் அமெரிக்காவில் 2011வரை நடைமுறையில் இருந்தது. இந்தக் கதைகளைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் 2013இல் பட்வுமன் தன் காதலியைத் திருமணம் செய்யக்கூடாது என்று நிறுவனம் தடுத்தபோது, அப்போது கதையை எழுதிய வில்லியம்ஸும் ஹேடன் பிளக்மனும் வேலையை விட்டுப் போனார்கள். எந்த நாயகருக்கும் திருமணம் வேண்டாம் என்பதே கொள்கை என்று விளக்கம் சொன்னது டி.சி.

மார்வெல் அதற்கு முந்திய ஆண்டு, 2012இல், நோர்த்ஸ்டாருக்குத் திருமணம் செய்து வைத்திருந்தது. நியூயோர்க் மாநிலம் தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கி ஓராண்டு. மணமகன் கைல் என்ற சாதாரண மனிதர். அந்த இதழை எழுதியவர் மார்ஜோரி லியூ.

2015இல் ஐஸ்மன், அதாவது அந்தப் படத்தில் பெற்றோரிடம் உண்மை சொன்ன அதே பொபி, கொமிக்ஸில் தன்பாலீர்ப்பாளர் என்று தெரியவந்தது. மகிழ்ச்சி ஒருபுறம், வாக்குவாதம் மறுபுறம். பொபி தானாகச் சொல்லவில்லை. மனதைப் படிக்கும் சக்தியுள்ள தோழி ஜீன், அவன் மனதுக்குள் பார்த்து, அவனிடமே சொல்கிறாள். அன்பால்தான் செய்கிறாள் என்பது சிலரின் வாதம். ஒருவன் தானே திறக்காத கதவை இன்னொருவர் திறக்கக்கூடாது என்பது மற்றவர்களின் வாதம். நான் இரண்டாவது பக்கம். எங்கள் சமூகத்தில் பக்கத்து வீட்டுப் பேச்சாக ஒருவரைப் பற்றிய இந்த உண்மை வெளிப்பட்டால் அவருக்கு வேலை போகலாம், வீடு போகலாம். அங்கே அன்பு பாதுகாப்பில்லை.

தாங்களே வரைந்தது

நிறுவனங்களின் அனுமதிக்காகக் காத்திராமல் வேறு ஒரு வழியில் போனவர்களும் இருக்கிறார்கள். அலபாமா மாநிலத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்த ஹவார்ட் குரூஸ், 1980இல் 'கே கொமிக்ஸ்' என்ற தொகுப்பு இதழின் முதல் ஆசிரியரானார். தன்பாலீர்ப்பு ஆண்களும் பெண்களும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே வரைந்தார்கள். சக்தி இல்லை, முகமூடி இல்லை. முத்திரை இல்லாத புத்தகம், பெரிய கடைகளுக்குப் போகாது. போகவேண்டிய ஆட்களிடம் போனது.

குரூஸ் 1995இல் வெளியிட்ட 'ஸ்டக் ரப்பர் பேபி' 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தெற்கில் நடக்கும் கதை. டோலண்ட் என்ற வெள்ளை இளைஞன், தான் யார் என்பதைத் தன்னிடமிருந்தே மறைக்கிறான். சுற்றிலும் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம், குண்டுவெடிப்பு, கொலை. அந்த ஊரில் ஒரு வெறுப்பு இன்னொரு வெறுப்போடு கைகோத்து நடப்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய சித்திரக்கதையை நான் வேறு பார்க்கவில்லை. ஒவ்வொரு சட்டமும் ஆயிரக்கணக்கான நுண்கோடுகளால் ஆனது. வரைய நான்கு ஆண்டுகள் பிடித்தன. முற்பணம் தீர்ந்தபோது, இன்னும் வரையப்படாத பக்கங்களின் மூலப்பிரதிகளை ஆதரவாளர்களுக்கு முன்கூட்டியே விற்று வேலையைத் தொடர்ந்தார். குரூஸ் 2019இல் காலமானார்.

அலிசன் பெக்டெலின் 'ஃபன் ஹோம்' 2006இல் வந்தது. பென்சில்வேனியாவின் சிறிய ஊர். தகப்பன் ஆங்கில ஆசிரியர், குடும்பத் தொழிலாக ஒரு மலர்ச்சாலையும் நடத்துகிறார். அந்த மலர்ச்சாலைக்குப் பிள்ளைகள் வைத்த சுருக்கப் பெயர்தான் தலைப்பு. மகள் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் எழுதி, தான் பெண்களை விரும்புபவள் என்று பெற்றோருக்கு அறிவிக்கிறாள். அதன்பிறகுதான் தகப்பனும் வாழ்நாள் முழுவதும் ஆண்களை விரும்பியவர் என்று தாய் சொல்லித் தெரிகிறது. சில மாதங்களில், 1980இல், வீதியைக் கடந்தபோது ஒரு பாண் லொறி மோதித் தகப்பன் இறக்கிறார். விபத்தா, தற்கொலையா? மகளால் ஒருபோதும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

புத்தகத்துக்கு ஏழு ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு உருவத்தையும் வரைவதற்கு முன் பெக்டெல் தானே அந்த நிலையில் நின்று படம் எடுத்துப் பார்த்து வரைந்தார், தகப்பனாகவும். பழைய கடிதங்கள், நாட்குறிப்புகள், ஒளிப்படங்கள் எல்லாவற்றையும் கையால் மறுபடி வரைந்தார். விடை தெரியாத ஒரு மரணத்தோடு மிஞ்சியிருக்கிறவர்கள் கையில் கிடைத்த சிறு தடயங்களை எத்தனை தடவை எடுத்துப் பார்ப்பார்கள் என்பதை அறிந்தவர்கள் இந்தப் புத்தகத்தை மெதுவாகத்தான் படிப்பார்கள். 2014இல் ஒரு கல்லூரி இதைப் புதுமுக மாணவர்களுக்குப் பரிந்துரைத்ததற்காக, அதன் நிதியில் 52,000 டொலரை வெட்ட தென் கரோலினா மாநிலப் பிரதிநிதிகள் சபை வாக்களித்தது. அடுத்த ஆண்டு இதன் மேடை இசைநாடக வடிவம் நியூயோர்க்கில் டோனி விருது பெற்றது.

தடைகள் முடியவில்லை. 2019 செப்ரெம்பரில் பிரேசிலின் ரியோ டி ஜனைரோ நகர மேயர், புத்தகக் கண்காட்சியிலிருந்த ஒரு மார்வெல் கதைத் தொகுப்பை அகற்ற உத்தரவிட்டார். அதில் விக்கன், ஹல்க்லிங் என்ற இரண்டு பையன்கள் முத்தமிடும் ஒரு சட்டம் இருந்தது. பரிசோதகர்கள் வந்தபோது பிரதிகள் ஏற்கெனவே விற்றுப்போயிருந்தன. அந்த முத்தத்தை நாட்டின் பெரிய நாளிதழ் முதற்பக்கத்தில் அச்சிட்டது. பெலிப்பே நெட்டோ என்ற இணையப் பிரபலம் இந்தவகைப் புத்தகங்கள் 14,000 வாங்கி இலவசமாகக் கொடுத்தார். உயர் நீதிமன்றம் தடையை நிறுத்தியது.

எங்கள் நாட்டில், பிரித்தானியர் 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் இன்னொரு வகையில் வேலை செய்கின்றன. 1995இல் ஒரு திருத்தத்தால் பெண்களும் அதற்குள் வந்தார்கள். 2023 மே மாதம், இதை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அந்தப் பாராளுமன்றம் 2024இல் கலைக்கப்பட்டபோது அது சட்டமாகியிருக்கவில்லை.

எங்கள் யுத்தமும் சித்திரக்கதையாகியிருக்கிறது. 2008 செப்ரெம்பரில் ஐ.நா. கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது அங்கே பணியாற்றியவர்களில் ஒருவரான பெஞ்சமின் டிக்ஸும் ஓவியர் லின்ட்சே பொலொக்கும் சேர்ந்து செய்த 'வன்னி', 2019இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பலருடைய வாக்குமூலங்களிலிருந்து புனைந்த ஒரு குடும்பத்தின் கதை. அக்கறையோடு செய்யப்பட்ட வேலை, படிக்கவேண்டியது. ஆனாலும் அது வெளியேற முடிந்தவர் ஒருவரின் புத்தகம். குரூஸும் பெக்டெலும் செய்ததைப்போல, உள்ளே இருந்தவர் தன் கையால் வரைந்த புத்தகத்துக்கு இடம் காலியாகத்தான் இருக்கிறது. முள்ளிவாய்க்காலிலிருந்து வந்தவர்களிலும் பால்புதுமையினர் இருக்கிறார்கள். இரண்டு தடவை ஒளிந்தவர்கள் அவர்கள்.

மிஸ்டீக் கதையின் மிச்சத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 2019இல் ஓர் இதழில் இருவரும் முதல் தடவையாக வெளிப்படையாக முத்தமிட்டார்கள். 2023 நவம்பரில் வெளியான எக்ஸ்-மென் சிறப்பிதழ் ஒன்றில், நைட்கிரோலரின் தாய் டெஸ்டினி, தகப்பன் மிஸ்டீக் என்று மார்வெல் அதிகாரபூர்வமாக அச்சிட்டது. அதை எழுதியவர் சை ஸ்பூரியர். க்ளெயர்மொண்டுக்கு அப்போது எழுபது வயது தாண்டியிருந்தது.